1985க்குப் பிறகு சென்னையில் சேரியே இல்லை

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்து ஊர்களோடு அரக்கோணமும் இனி பெருநகரக் கணக்கில் சேரும். 2027 தொடங்கி 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான வேலைகளும் தொடங்கியாயிற்று. மெட்ரோ எதுவரை போகும், துணை நகரம் எங்கே வரும், எந்த ஊரில் இப்போதே மனை வாங்கிப் போட்டால் பத்து வருடத்தில் என்ன விலைக்குப் போகும் என்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் இணைப்புகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நல்லது, எழுதட்டும். ஐந்து மடங்காகப் பெருக்கும் இந்த நகரத்தில் நாம் எங்கே குடியிருப்போம் என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம்.

நாம் என்றால் யார் என்று கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகரின் மக்கள் தொகை 46 லட்சம். அதில் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். எல்லோரும் தலித்துகள் அல்லர். மீனவர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், பஞ்சத்துக்கு ஊரைவிட்டு வந்த மற்ற சாதி ஏழைகளும் இருக்கிறார்கள். ஆனால் கூவம் கரையில் அக்ரகாரத்திலிருந்து வந்து குடிசை போட்ட ஒருவரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் 'ஸ்லம்' என்பது வறுமையைச் சொல்லும் சொல். தமிழில் அதைச் 'சேரி' என்று எழுதியவர்கள் தெரிந்து எழுதினார்களோ தெரியாமல் எழுதினார்களோ, உண்மையை எழுதிவிட்டார்கள். ஊருக்கு வெளியே நம்மை வைத்த அதே பெயர்தான் நகரத்துக்குள்ளும் கூடவே வந்தது.

ஊரைவிட்டு வெளியேறுங்கள், கிராமம் உங்களுக்குக் கொட்டடி என்ற பொருளில்தான் பாபாசாகேப் அம்பேத்கர் நமக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் புகழ்ந்தவர்களின் முகத்துக்கு நேராகவே அதைச் சொன்னார். நம் தாத்தாக்கள் அவர் பேச்சைப் படித்துவிட்டுக் கிளம்பவில்லை. வயிறு சொல்லிக் கிளம்பினார்கள். செங்கற்பட்டிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், மில்லில் நின்றார்கள், மாநகராட்சியில் மலம் அள்ளினார்கள். வேலை கொடுத்த நகரம் குடியிருக்க இடம் கொடுக்கவில்லை. ஆற்றங்கரையும் கால்வாய் ஓரமும் ரயில் பாதை ஓரமும் யாருக்கும் வேண்டாத இடமாகக் கிடந்ததால் அங்கே குடிசை போட்டார்கள். இன்றைக்கு அந்த இடங்களின் விலை என்னவென்று பாருங்கள், எதற்காகக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இதில் ஒரு சட்டக் கதை இருக்கிறது. நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் சாவி 'அறிவிப்பு' என்ற ஒரு சொல். அரசு ஒரு குடியிருப்பைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால், அங்கே தண்ணீர், கழிப்பறை, விளக்கு, தெரு எல்லாம் கொடுக்க வேண்டிய பொறுப்பு வந்துவிடும். உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடு முதலிலும் அகற்றுதல் பிறகும் இருப்பதைக் கவனியுங்கள். அப்போது சென்னையில் 1,202 பகுதிகளை அடையாளம் கண்டு அறிவித்தார்கள். 1985இல் மேலும் 17 பகுதிகளைச் சேர்த்தார்கள். அதோடு நின்றது. நாற்பது வருடங்களாகச் சென்னையில் புதிதாக ஒரு சேரிகூட அறிவிக்கப்படவில்லை.

அதாவது, அரசின் கோப்பின்படி 1985க்குப் பிறகு இந்த நகரத்தில் சேரியே உருவாகவில்லை. பாலம் வந்தது, பறக்கும் ரயில் வந்தது, ஐடி சாலை வந்தது, மெட்ரோ வந்தது. இவற்றையெல்லாம் கட்டின கைகள் ராத்திரி எங்கே போய்ப் படுத்தன என்பது மட்டும் கோப்பில் இல்லை. அறிவிக்கப்படாத இடத்தில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் குடிசைவாசி அல்ல, ஆக்கிரமிப்பாளர். ஒரு சொல்லை மாற்றினால் போதும், பயனாளி குற்றவாளியாகிவிடுவார். 2021இல் வாரியத்தின் பெயரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். குடிசை என்ற சொல் இழிவாக இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். பெயர் மாற்றத்தில் நமக்கு விரோதமில்லை. அறிவிப்புப் பட்டியலிலும் கை வைத்திருந்தால் மகிழ்ந்திருப்போம்.

அதே 1985இல்தான் உச்சநீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிப்பிப்பார்கள். வாழ்வுரிமை என்றால் பிழைப்புக்கான உரிமையும் சேர்த்துத்தான் என்ற பெரிய வாசகம் அதில் இருக்கிறது. அதில் மனு போட்டவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர் என்பதைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். நிலமில்லாத கூலி. பஞ்சத்தால் 1961இல் பம்பாய்க்குப் போனவர். 1981இல் அவர் குடிசையைப் பிரித்துப் போட்டு, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பவும் பம்பாய் நடைபாதைக்கே வந்தார். வேலை அங்கேதானே இருந்தது! தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் செய்தி இது. கடைசியில் அந்தத் தீர்ப்பும் முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றுதான் முடிந்தது. பிழைப்பு வாழ்வின் பகுதி என்று ஒப்புக்கொண்ட பிறகும் பிழைப்பிலிருந்து ஆளைப் பிரிக்கலாம் என்பதை நாற்பது வருடமாக நாம் அனுபவித்து வருகிறோம்.

2000இல் கண்ணகி நகர். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேல் வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. நீதி கேட்டு அரசவைக்குப் போனவளின் பெயரை, நீதி கேட்காமல் அகற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்த ரசனையை என்னவென்று சொல்வது. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கூவம் சீரமைப்புக்காக மட்டும் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு காரணம் தேடும் சிரமமும் இல்லாமல் போயிற்று: 'உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.' ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய் வைத்த இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பெயர்கள் ஒவ்வொரு மழைக்காலச் செய்தியிலும் வருகிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். சதுப்பு நிலத்துக்குள் குப்பைக் கிடங்கு இருக்கலாம், கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கலாம், அவையெல்லாம் வளர்ச்சி. கால்வாய் ஓரத்தில் ஒற்றைச் சுவர் எழுப்பினால் அது ஆக்கிரமிப்பு.

எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர், நகரத்தின் நடுவிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர். எழும்பூர்ப் பக்கம் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். முன்பு ஆறரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு முதல் வீடு. இப்போது நாலரைக்கு எழுந்து, இருட்டில் பஸ்ஸுக்கு நின்று, இரண்டு பஸ் மாறி வருகிறார். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நான்கு வீடு இரண்டு வீடாயிற்று. விட்ட இரண்டு வீட்டுச் சம்பளம்தான் சின்னவளின் படிப்புச் செலவு. சின்னவள் பத்தாவது படிக்கும்போது நடுவருடத்தில் இடம் மாற்றினார்கள். பழைய பள்ளிக்கு வந்து போய் எப்படியோ பரீட்சை எழுதினாள், பதினொன்றாவதுக்குப் போகவில்லை. "வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி, ஒழுகல. ஆனா இங்கருந்து எங்க போனாலும் தூரமா இருக்கு" என்றார் அக்கா. அவர் வேலை செய்யும் வீடுகளில், பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டதைச் சொல்ல வேண்டாம் என்று பக்கத்துக் கட்டடத்துப் பெண்கள் முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்களாம். முகவரியைக் கேட்டால் பீரோ சாவியை ஒளித்துவைப்பார்கள். சாதிப் பெயரைத் தெருப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தெருப் பெயரே சாதிப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரோடுதான் கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைன் போய் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வாங்கி வந்தார். அன்றைக்கு மட்டும் எல்லாத் தொலைக்காட்சிகளுக்கும் கண்ணகி நகருக்கு வழி தெரிந்திருந்தது.

படித்து வேலைக்கு வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை. நாங்கள் இருவரும் சம்பாதிக்கிறோம். போன வருடம் வாடகைக்கு வீடு தேடி நகரின் தென்பகுதியில் இரண்டு மாதம் அலைந்தோம். முன்புபோல யாரும் நேராகச் சாதி கேட்பதில்லை, நாகரிகம் வளர்ந்திருக்கிறது. "நான்வெஜ் உண்டா?" என்பது முதல் சல்லடை. "சொந்த ஊர் எது?" இரண்டாவது. ஊரைச் சொன்னால், "அங்க எங்க சித்தப்பா இருக்காரே, நீங்க ஊர்ல எந்தத் தெரு?" என்பது மூன்றாவது. அதற்கு மேல் சல்லடை தேவைப்படாது. ஒரு வீட்டுக்காரம்மா மிகவும் அன்பாக மோர் கொடுத்து உட்கார வைத்தார். சுவரில் மாட்ட என்னென்ன படம் வைத்திருக்கிறீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். அம்பேத்கர் படம் என்றோம். சாயந்திரமே புரோக்கர் போன் செய்து, அவர்கள் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறானாம் என்றார். அந்த இரண்டு மாதத்தில் சென்னைக்குத் திரும்பிவந்த மகன்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் வெளிநாடுகளில் தமிழனே மிஞ்சியிருக்க மாட்டான்.

இதை நம் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. டெல்லியிலும் சுற்று நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் போன் போட்டு வீடு கேட்கும் சோதனை நடத்தி 2015இல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரில் கேட்டவர்களில் ஒருவருக்கும் மறுப்பில்லை. தலித் பெயர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நேரடி மறுப்பு, 23 பேருக்குக் கூடுதல் நிபந்தனை. முஸ்லிம் பெயர்களுக்கு நிலைமை இன்னும் மோசம், நூற்றுக்கு 31 பேருக்கு மறுப்பு. நம் மாநிலத்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தாலன்றி என்ற வாலும் சேர்ந்தே இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு இன்றும் பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறார்கள். சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. ஒரு சமூகத்தார் மட்டும் உறுப்பினராக இருக்கும் வீட்டுவசதிச் சங்கம் செல்லும் என்று 2005இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்ட நாடு இது.

வீட்டுப் பற்றாக்குறை என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் நாம் யோசிக்க வேண்டும். 2012இல் ஒன்றிய அரசு அமைத்த வல்லுநர் குழு, இந்திய நகரங்களில் ஒரு கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அதற்கும் கீழே உள்ளவர்களுக்கும் வேண்டிய வீடுகள். 2011 கணக்கெடுப்போ நகரங்களில் ஒரு கோடியே 10 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னது. கட்டடம் போதவில்லை என்பது பாதிக் கதைதான். பணத்தைப் பூட்டிவைக்கும் பெட்டியாக ஒருவர் வீட்டை வைத்திருக்கிறார், இன்னொருவர் அதற்கு வெளியே காவலுக்கு நிற்கிறார். கட்டுமான அளவை உயர்த்திக்கொள்ளப் பணம் கட்டு, மெட்ரோ பாதை ஓரத்தில் இன்னும் மாடி எழுப்பு என்று விதிகளைத் தளர்த்திக்கொண்டே போனால் வீடு பெருகும், விலை குறையும் என்கிறார்கள். மெட்ரோ நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வாடகை குறைந்ததாக யாருக்காவது தகவல் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாளைக்கே குடிவருகிறோம்.

திட்டமிடவே தெரியாத நகரம் என்றும் சொல்லிவிட முடியாது. 1977இல் தொடங்கிய உலக வங்கித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் தெருவும் போட்டு, ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். பெரிய மனைகளை விலைக்கு விற்று அந்தப் பணத்தில் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். உலக வங்கியைப் புகழ வேண்டிய நிலை வந்ததே என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. பணக்காரரும் ஏழையும் ஒரே வரைபடத்துக்குள் மனை வாங்கிய காலம் ஒன்று இதே சென்னையில் இருந்தது என்பதை மறைப்பானேன். 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்திலும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு ஏழைகளுக்கு என்று விதி இருக்கிறது. உங்கள் பகுதியில் வந்த பெரிய மனைப்பிரிவில் அந்தப் பத்து விழுக்காடு எந்த மூலையில் இருக்கிறது, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டுப் பாருங்கள்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது முதியவர் ஒருவர் தன்னைத் தீயிட்டுக்கொண்டு இறந்தார். அதன் பிறகே பக்கத்திலேயே மயிலாப்பூர், மந்தைவெளியில் வீடு தருவோம் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். பக்கத்தில் இடமே இல்லை என்று அதுவரை சொல்லிவந்தார்கள்.

இப்போது எல்லை விரியும் பகுதிக்கு வருவோம். செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம், வேறு யாருக்கு விற்றாலும் செல்லாது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அறிக்கை எழுதப்பட்ட அதே செங்கல்பட்டில்தான் 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதே செங்கல்பட்டு மண்ணைத்தான் இப்போது பெருநகரத்தோடு சேர்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் காலனிக்குப் பின்னால், பெரியவர்கள் 'நம்ம கண்டிஷன் நிலம்' என்று கைநீட்டிக் காட்டும் இடத்தில் கம்பி வேலியும் கொடிகளும் கட்டி மனை போட்டாயிற்று. காலனியில் ஒரே வீட்டில் மூன்று குடும்பம். அண்ணன் தம்பி கல்யாணமானால் புறம்போக்கில்தான் கீற்றுக் கொட்டகை. நாளைக்கு வரும் வரைபடத்தில் அந்தக் கொட்டகை 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்றும் வேலிபோட்ட இடம் 'குடியிருப்பு மண்டலம்' என்றும் நிறம் தீட்டப்பட்டால், 2046இல் நம் பேரப்பிள்ளைகளை எந்தப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிப் போவார்கள்?

வரைபடம் அச்சாகிவிட்டால் அதை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருக்கத்தான் முடியும். அதனால் அச்சாகும் முன்பே நம் பக்கத்துக் காகிதங்கள் தயாராக வேண்டும். அரக்கோணம் தொடங்கிச் செய்யூர்ப் பக்கம் வரை தோழர்கள் அவரவர் காலனியின் சர்வே எண்களை எடுங்கள். அ பதிவேட்டின் பழைய நகலும், எண்பதுகளின் யுடிஆர் சர்வேக்குப் பிந்தைய நகலும் இரண்டும் வேண்டும். கண்டிஷன் நிலம் எங்கே ரயத்துவாரியாக மாறியது என்பது இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும். வீட்டுமனை இல்லாத குடும்பங்களின் பட்டியலைப் பெண்கள் பெயரில் எழுதுங்கள். மே 1 கிராமசபையில், காலனி விரிவாக்கத்துக்கென்று இத்தனை ஏக்கரை முழுமைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று சர்வே எண்ணோடு தீர்மானம் போடுங்கள். 'ஆவன செய்யலாம்' என்ற ஒற்றை வரியில் முடிக்க விடாதீர்கள். நகரத்துக்குள் இருப்பவர்கள், உங்கள் பகுதி 1971 பட்டியலிலோ 1985 பட்டியலிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அறிவிக்கக் கோரும் மனுவை ஒரு குடியிருப்புக்கு ஒன்றாகத் தயார் செய்வோம். மனுவின் மாதிரி எங்களிடம் இருக்கிறது. ரேஷன் அட்டை, பழைய மின் ரசீது, பள்ளிச் சான்றிதழ் எதையும் பழசு என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.